வயோலாவும் வாய்ப்பாட்டும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிவைக்கும் வழக்கம், ஊர்விட்டு ஊர் வந்த பின்னும் குன்றாமல் இருந்துவருகின்றது. ஆறு வயதில் சரளி வரிசை தொடங்குகின்றது. பத்து வயதில் ஒரு வர்ணம் படிகின்றது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடைகின்றது. அத்துடன் பாட்டும் நின்றுபோகின்றது. பெண்மக்களிலும் சிலருக்குக் குரல் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்து கனத்திருக்கும். "இவளுக்குச் சாரீரம் போதாது" என்று வீட்டாரே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். ஆரியசாலைப் பக்கத்தில் ஒரே தெருவில் இவ்வாறு பாட்டை விட்ட பிள்ளைகள் நால்வரை அடியேன் அறிவேன். நால்வருக்கும் சுருதி ஞானம் உண்டு. தாள ஞானமும் உண்டு. குரல் மட்டும் பிறர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

தாழ்ந்த குரல் ஒரு குற்றமன்று. அதனோடு ஒத்து அமரத்தக்க வாத்தியம் அருகில் இல்லாமையே குறை என்பது என் எண்ணம். அத்தகைய வாத்தியம் ஒன்று உண்டு. அதன் பெயர் வயோலா. நம்மில் பலர் இதனைத் திரைப்படப் பாடல்களில் நாள்தோறும் கேட்டிருக்கின்றோம்; ஆயினும் பெயர் அறியோம். வயலின்களின் கூட்டம் மேலே இழைந்து செல்லும்போது அதன் அடியில் ஒரு தேன்நிறக் குரல் தொடர்ந்து வருமே, அதுதான். மேலே ஓடுவதைக் காது உடனே பற்றிக்கொள்கின்றது. அடியில் முழங்கும் செல்லோவையும் பற்றிக்கொள்கின்றது. நடுவில் நிற்பதை எவரும் கேட்பதில்லை. அது நின்றுவிட்டால்தான் பாட்டு வெறிச்சென்று ஆகிவிட்டதை உணர்கின்றோம்.

பார்வைக்கு வயோலா வயலின் போலவே இருக்கும். வயலினின் உடல் நீளம் ஏறத்தாழ 14 அங்குலம். வயோலாவுக்கு 15 முதல் 17 அங்குலம் வரை உண்டு. வயலினின் தந்திகள் ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று கட்டைச் சுருதிகளில் நிற்பவை. வயோலாவில் மூன்று கட்டைத் தந்தி இல்லை. அதற்குப் பதிலாக, அடியில் ஒரு கட்டையில் கனத்த தந்தி ஒன்று சேர்கின்றது. இவ்வளவே வேறுபாடு. ஆயினும் அந்த ஒரு தந்தி வாத்தியத்தின் இயல்பையே மாற்றிவிடுகின்றது. கணக்குப்படி பார்த்தால், அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு உடல் நீளம் வயலினைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 21 அங்குலம் இருத்தல் வேண்டும். அவ்வளவு பெரியதைத் தோளில் தாங்கி வாசிக்க இயலாது. ஆதலின் கைவினைஞர் உடலைக் குறைத்தே செய்தனர். உடல் குறைந்ததால் ஒலியின் கூர்மை மழுங்கி, சற்றுத் திரையிட்டாற்போன்ற ஒரு மென்மை வந்தது. இந்தக் குறையே வயோலாவின் தனி அழகாயிற்று.

இனி, நம் சங்கீதத்துக்கு வருவோம். நம் வித்துவான்கள் வயலினின் நான்கு தந்திகளையும் ஸ–ப–ஸ–ப என்று கூட்டுவர். பெண்குரலுக்கு உரிய ஐந்து கட்டைச் சுருதியில் இது எளிது. கீழே உள்ள ஐந்து கட்டைத் தந்தி ஷட்ஜமாக அப்படியே நிற்கும். அடுத்த தந்தி பஞ்சமமாக நிற்கும். மேலிரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் போதும். ஆனால் ஆண் ஒருவர் ஒரு கட்டையில் பாடும்போது நிலைமை வேறு. வயலினின் தந்திகள் எல்லாவற்றையும் தம் இயல்பான நிலையிலிருந்து வெகுவாகத் தளர்த்த வேண்டும். அல்லது தடித்த தந்தி பூட்ட வேண்டும்.

வயோலாவை அதே ஒரு கட்டையில் வைத்துப் பாருங்கள். கீழ்த்தந்தி இயல்பாகவே ஒரு கட்டை; அது ஷட்ஜம். அடுத்தது ஐந்து கட்டை, அது பஞ்சமம். இரண்டையும் தொடவே வேண்டியதில்லை. மேலே உள்ள இரண்டு தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்கினால் ஸ–ப–ஸ–ப கூடிவிட்டது! ஐரோப்பியர் தமக்காகச் செய்துகொண்ட கருவி, நம் ஆண்குரலின் சுருதிக்கு இத்துணை அணியாய் வந்து நிற்பதை முதன்முதலில் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. வயலின் பெண்குரலின் தோழி என்றால், வயோலா ஆண்குரலின் தோழன் எனலாம். தாழ்ந்த குரலுடைய பெண்ணுக்கும் அது தோழனே.

வில் வாத்தியம் நம் பாட்டின் பக்கத்தில் வந்து அமர்ந்த கதையில் நாம் வாழும் இவ்வூருக்குப் பெரும் பங்குண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தை அடைந்தார் என்பதைப் பலரும் அறிவர். மற்றொருவர் வடிவேலு. தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறந்தாருள் இளையவர், தீட்சிதரின் சீடர். தஞ்சையை விட்டு இவர் திருவாங்கூர் வந்து சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் இடம்பெற்றார். மகாராஜா இவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை 1834-ஆம் ஆண்டில் பரிசளித்தார் என்பர். பிழைப்பை நாடித் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்த ஒருவர், பிறநாட்டு வாத்தியம் ஒன்றைக் கையிலேந்தி வந்து, அதனை இம்மண்ணின் பாட்டுக்கு உரியதாக்கினார். சாலையில் கடை வைத்திருக்கும் நம்மவரும், அலுவலகங்களில் எழுத்து வேலை பார்க்கும் நம்மவரும் வடிவேலுவைத் தம் முன்னோராகக் கருதிக்கொள்வதில் தவறில்லை.

அவர் வந்தபோது புகைவண்டி கிடையாது. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்கு இருப்புப்பாதை அமைந்தது 1904-இல். கொல்லத்திலிருந்து தெற்கே வந்த பாதை 1918-இல் சாக்கையில்தான் முடிந்தது. 1931-இல்தான் தம்பானூருக்கு நீண்டது. அதன் பின் எத்தனையோ வித்துவான்கள் வாத்தியப் பெட்டிகளுடன் அவ்வழியே வந்திறங்கினர். 1939-இல் இங்கு இசைக்கல்லூரி தோன்றியபோது அதனை முதலில் நடத்தியவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். இடையில் ஒரு வார்த்தை: வாத்தியங்களுள் ரெயில்வேக்காரர்களாகிய எங்களுக்குத் தொல்லை தருவது தம்புரா ஒன்றுதான். வயோலாப் பெட்டி வயலின் பெட்டியைவிட மூன்று நான்கு அங்குலம் நீண்டிருப்பினும், இருக்கையின் அடியில் எளிதாக அடங்கிவிடும்!

வயலின் இவ்வாறு பாட்டின் அருகில் நிலைபெற்றது. அதன் உடன்பிறப்பாகிய வயோலாவுக்கு அந்த இடம் ஏன் வாய்க்கவில்லை? காரணம் இரண்டு என்று தோன்றுகின்றது. முதலாவது, கச்சேரி அரண்மனைக் கூடத்தை விட்டுப் பெரிய பந்தல்களுக்கு வந்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டுமென்றால் கூர்மையான ஒலி வேண்டியிருந்தது. மைசூர் சௌடையா வயலினில் ஏழு தந்தி பூட்டி வாசித்ததும் ஒலியைப் பெருக்கத்தான். திரையிட்டாற்போன்ற குரலுடைய வயோலா அங்கே எடுபட்டிராது. இரண்டாவது, பாடகரும் அக்காலத்தில் உயர்ந்த சுருதியையே நாடினர். கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டுமே. ஒலிபெருக்கி வந்த பின்னர் இவ்விரு காரணங்களும் அகன்றன. பாலக்காட்டு மஞ்ஞப்பரையில் தோன்றிய எம். டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், மிக நிதானமான காலப்பிரமாணத்தில் பாடி, கேட்டவர் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்றார். காரணங்கள் அகன்றன; வழக்கம் மட்டும் அகலவில்லை.

வழக்கத்தை மீறி வயோலாவை எடுத்தவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. 1930-இல் பிறந்து 2016-இல் மறைந்த இவர், வாய்ப்பாட்டில் பெற்ற பெரும்புகழின் நிழலில் இவரது வயோலா மறைந்தே போயிற்று. ஆயினும் இவர் வயோலாவில் தனிக் கச்சேரி செய்தவர். பாடகர் ஒருவர் வாத்தியத்தை எடுத்தால் அதில் பாட்டைத்தான் தேடுவார். வயலினும் வாசிக்க வல்ல அவர், தம் விரலுக்கு வயோலாவையும் வேண்டினார் என்றால், தம் குரலின் சாயல் அதில் இருப்பதைக் கண்டிருத்தல் வேண்டும் என்று ஊகிக்கின்றேன். அண்மைக் காலத்தில் வி. எஸ். நரசிம்மன் அமைத்த மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவும், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்டு நம் கீர்த்தனைகளை இசைத்தது. அங்கே வயோலா, பாட்டின் வரியைத் தான் பெற்றும் பிறருக்குத் தந்தும் நடுவில் நிற்கும்.

நால்வர் குழு என்றதும், மேல்நாட்டார் சேம்பர் இசை என்று கூறுவது யாது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். சேம்பர் என்றால் அறை. அறைக்குள் அடங்கும் அளவில், மூவர் நால்வர் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் இசை அது. நடத்துநர் இல்லை; மேடை உயரமில்லை; வாசிப்போர் தம் இன்பத்துக்காகவே வாசிப்பதும் உண்டு. மொட்ஸார்ட் தம் நண்பர்களுடன் இவ்வாறு அமரும்போது வயோலாவையே விரும்பி எடுப்பாராம். கிளாரினெட், வயோலா, பியானோ மூன்றுக்குமாக அவர் 1786-இல் ஒரு மூவிசை எழுதினார். 1779-இல் வயலினுக்கும் வயோலாவுக்குமாக வாத்தியக் குழுவுடன் எழுதிய வேறொன்றில், வயோலாவின் எல்லாத் தந்திகளையும் அரைச்சுரம் ஏற்றிக் கூட்டுமாறு குறித்தார். வயலினின் பக்கத்தில் வயோலாவின் குரல் பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காக. கட்டை மாற்றிச் சுருதி கூட்டும் வித்தை நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் வயோலாவையும் வாய்ப்பாட்டையும் ஒருங்கே நிறுத்தியதில் பிராம்ஸ் என்னும் ஜெர்மானியரின் இரண்டு பாடல்களே என்னை மிகவும் கவர்ந்தவை. அவற்றின் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கின்றது. பிராம்ஸின் உயிர் நண்பர் ஜோசப் யோவாகிம். அக்காலத்து வயலின் மேதை. அவர் மனைவி அமாலி, தாழ்ந்த பெண்குரலுக்குப் பெயர்பெற்ற பாடகி. இருவரும் 1863-இல் மணந்தனர். அடுத்த ஆண்டு பிறந்த ஆண்மகவுக்கு நண்பரின் நினைவாக யோஹான்னெஸ் என்றே பெயரிட்டனர். அக்குடும்பத்துக்காகப் பிராம்ஸ் ஒரு தாலாட்டு எழுதினார். குரலை மனைவிக்கும் வயோலாவைக் கணவருக்கும் கருதி அமைத்த பாட்டு அது. முதலில் வயோலா தனியே ஒரு பழைய தாலாட்டு மெட்டை வாசித்துக்கொண்டு வரும். அதன் பின்னரே குரல் வேறொரு மெட்டுடன் சேரும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்குவதில்லை.

ஆண்டுகள் சென்றன. யோவாகிம் மனைவிமேல் ஐயம் கொண்டார். வழக்கு மன்றம்வரை சென்றது. அமாலி குற்றமற்றவர் என்று நம்பிய பிராம்ஸ் அவருக்கு எழுதிய ஆறுதல் கடிதம் மன்றத்தில் சான்றாக வைக்கப்படவே, நண்பர் இருவரும் பேச்சற்றுப் போயினர். 1884-இல், அந்த மணவாழ்வு முறிந்த ஆண்டிலேயே, பழைய தாலாட்டுடன் புதிய பாடல் ஒன்றையும் சேர்த்துப் பிராம்ஸ் வெளியிட்டார். இரண்டும் தாழ்ந்த பெண்குரல், வயோலா, பியானோ மூன்றுக்கும் உரியவை. பாட்டினால் குடும்பம் ஒன்றுசேரவில்லை. நண்பர்கள் சேர்ந்தனர், அதுவும் 1887-இல் பிராம்ஸ் வேறொரு பெரிய படைப்பை யோவாகிமுக்கென எழுதிய பின்னரே. இன்று அப்பாடல்களைப் பாடுவோர்க்கு இக்கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருப்பினும், கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதுபோல் குரலும் வயோலாவும் ஒரே உயரத்தில் நின்று ஒலிப்பதன் காரணம் இதுதான்.

தாலாட்டு என்றதும் நம் கோட்டைக்குள்ளேயே ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1813-இல் சுவாதித் திருநாள் பிறந்தபோது இரயிம்மன் தம்பி இயற்றியதாகக் கூறப்படும் மலையாளத் தாலாட்டு அது. நம் பெண்மக்களும் மலையாளப் பள்ளியில் படித்து வந்து வீட்டில் அதனைப் பாடுகின்றனர். ஐந்து கட்டையில் எட்டிப் பாடாமல், பாட்டிமார் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு முணுமுணுக்கும் உயரத்தில் அதனைப் பாடி, உடன் வயோலா ஒன்று இழைந்தால் எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சிறிய கூடத்தில் அடங்கிய இசையின் அருமையை அறிய நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருவின் மேற்கு முனையிலிருந்து கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்தால் நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவி இங்கு எழுந்தருளுகின்றாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது செவிவழிச் செய்தி. உடன் வரும் வேளிமலைக் குமாரசுவாமிக்கு நம் ஆரியசாலைக் கோவிலில் இடம். சுசீந்திரத்து முன்னூற்று நங்கைக்குச் செந்திட்டையில். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்த பின்னும் இவ்வூர்வலம் எல்லையைக் கடந்து வந்துகொண்டுதான் இருக்கின்றது. ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒவ்வொன்றாக, முதல் நாள் சங்கராபரணம் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை பாடப்படுகின்றன. பாடுவது தேவிக்கு, ஆதலின் கைதட்டல் இல்லை. விளக்கொளியில், சிறிய கூடத்தில், ஒரு குரலும் ஒரு வில்லும் எவ்வளவு நெருங்க முடியும் என்பதை அங்கே கேட்கலாம். பன்னெடுங்காலம் ஆண்குரல் மட்டுமே ஒலித்த அம்மண்டபத்தில், 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். வழக்கம் என்பது அசையாத மலை அன்று.

வயோலாவை நம் முறையில் கையாள்வதில் ஓர் அனுகூலமும் உண்டு. மேல்நாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, பளு முழுவதையும் தோளிலும் இடக்கையிலும் தாங்குகின்றனர். பெரிய வயோலாவினால் தோள்வலி வருவதுண்டு. நாமோ சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலைச்சுருளை வலக்காலின் மேல் ஊன்றிவிடுகின்றோம். பளு காலுக்குப் போய்விடுகின்றது. இடக்கை கமகத்துக்கு விடுதலையாகின்றது. தந்தி நீளமாதலின் ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் சற்று அதிகத் தொலைவு செல்ல வேண்டும். விரைவான சுரப்பிரஸ்தாரத்துக்கு இது இடையூறே. ஆனால் சஹானாவையும் முகாரியையும் நிதானமாக இழுக்கும்போது அந்தத் தொலைவே உதவி. அதிவேகப் பல்லவிகளை வயோலாவில் வாசித்துக் காட்டுவது, தேரை ஓட்டப்பந்தயத்துக்கு அழைப்பது போன்றது என்பேன்.

இடர்களையும் மறைக்கலாகாது. நல்ல வயோலாத் தந்திகள் விலை மிகுந்தவை. நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கேட்டு வரவழைக்க வேண்டும். இதற்கென்று தனி ஆசிரியரும் அரியர். வயலின் ஆசிரியரே கற்பிக்கலாம். வில்லின் பிடியும் விரல் முறையும் அடிப்படையில் ஒன்றே. வில் மட்டும் சற்றுக் கனமானது. தந்தி உடனே பேசாது, வில்லை நிதானமாக அழுத்த வேண்டும். இளம் பிள்ளைகளுக்கு 15 அங்குலம் பெரிதென்றால், வயலின் அளவிலேயே வயோலாத் தந்தி பூட்டிய சிறு வாத்தியங்களும் உண்டு. ஒலி முழுமையாக இராது, பழகப் போதும். மிருதங்கம் வேண்டுமென்றால் தக்குச் சுருதிக்கு உரிய பெரியதைத் தேட வேண்டும். வீட்டுக் கூடத்தில் கஞ்சிராவே போதுமானது.

நம் சங்க வீடுகளில் வரும் நவராத்திரிக் கொலுவின்போது, ஏதேனும் ஒரு மாலையில் இதனைச் செய்து பார்க்கலாம் என்பது என் விண்ணப்பம். தம்புராவை ஒரு கட்டையில் கூட்டுவோம். குரல் உடைந்து பாட்டை நிறுத்திய பையன்களையும், சாரீரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட பெண்மக்களையும் அழைப்போம். முதலில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைக் கீழ்க்காலத்தில் பாடட்டும். வயோலா உடன் வரட்டும். பின்னர் நாட்டைக்குறிஞ்சியிலோ யதுகுலகாம்போதியிலோ ஒரு சிறு கீர்த்தனை. ஐந்து கட்டையில் பாடுபவர் வந்தாலும் வயோலா மறுக்காது: கீழ்த்தந்தியை ஒரு முழுச்சுரம் ஏற்றி, மேல்தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கினால் ப–ஸ–ப–ஸ ஆகிவிடும், நடு இரண்டும் அப்படியே நிற்கும். கூடத்தில் இருபது பேருக்கு மேல் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. வயோலா வாசிக்கத் தெரிந்தவரோ, வயலின் வாசிப்போருள் இதனைப் பழக விரும்புவோரோ நம் அன்பர்களிடையே இருப்பின், ஆவணி மாதத்துக்குள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வைக்கவும். தந்தி வரவழைக்க ஒரு மாதமாவது ஆகும்.